தீப்பெட்டி லேபிள்களை லேமினேட் செய்யாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வரிசையில் தீப்பெட்டிக்குப் பேர் போன ஊர் நம் குடியாத்தம். மரச்சீவலில் பெட்டி செய்த காலத்து லேபிள்கள் இந்தப் பக்கம் இன்னும் வீட்டுப் பரண்களிலும் பழைய மளிகைக் கடை டிராயர்களிலும் கிடக்கின்றன. அவற்றைத் தேடிச் சேர்ப்பவர்களைப் பார்த்தால் மகிழ்ச்சிதான். ஆனால் சேர்த்த கையோடு லேமினேட் செய்துவிடுகிறார்கள். சூட்டில் உருகும் பசை காகித நாருக்குள் இறங்கிவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. செலோடேப்பும் அப்படித்தான். சில வருடத்தில் பழுப்பேறி, எண்ணெய்க் கறை மாதிரி படத்தின் மேல் ஊறிவிடும்.

படிக்கத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிப் பெட்டி கேட்கட்டும் என்றுதான் கிளி, தாமரை, விளக்கு என்று வரைந்தார்கள். பழைய லேபிளை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். கிளியின் சிவப்பு மூக்கு கோட்டைத் தாண்டி அரை மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக அச்சேறியதன் அடையாளம் அது. நிழல் காட்டக் கையால் வைத்த புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும்; பிற்கால ஆஃப்செட் அச்சில் புள்ளிகளின் வரிசை மாறாது. கம்ப்யூட்டரில் ஏற்றும்போது மூக்கைச் சரிசெய்துவிடாதீர்கள்.

பெட்டியிலிருந்து பிரிப்பதுதான் கவனமான வேலை. முதலில் குச்சிகளையும் அடிப்பெட்டியையும் எடுத்துவிடுங்கள். மேல்பெட்டியின் மருந்துப் பட்டையை வெட்டி நீக்குங்கள். அது கரைந்தால் தண்ணீர் செம்பழுப்பாகி லேபிளைக் கறையாக்கும். ஈரப் பஞ்சால் லேபிளின் ஓரத்தை ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அங்கேயே நிறுத்திவிட்டு, மரச்சீவலோடு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மலிவான ரோஸ், ஊதா மைகள் பெரும்பாலும் கசியும். நிறம் ஏறாவிட்டால், வெதுவெதுப்பான தண்ணீரில் படம் மேலே இருக்கும்படி 15 முதல் 20 நிமிடம் மிதக்க விடுங்கள். மாவுப் பசை இளகித் தானே கழன்று வரும். வராவிட்டால் இன்னும் 10 நிமிடம் விடுங்கள், நகத்தால் கிள்ள வேண்டாம். பின்பக்கத்தில் மிச்சமிருக்கும் பசையை மெல்லிய ஈரத்துணியால் துடைத்தெடுப்பது அவசியம், ராமபாணப் பூச்சி தேடி வருவதே அந்த மாவுக்குத்தான்.

வெள்ளை ஒற்றுத்தாள் இரண்டுக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகத்தை ஏற்றி ஒரு நாள் விடுங்கள். செய்தித்தாள் கூடாது, மை ஒட்டும். வெயிலும் கூடாது, லேபிள் சுருளும், சிவப்பு வெளுக்கும். பி.வி.சி. ஆல்பத்தின் உறை நம் வேலூர் வெயிலில் வியர்த்து மையோடு ஒட்டிக்கொள்ளும்; பாலிப்ரொப்பிலீன் உறை வாங்குங்கள். மாலை வெயிலில் சூடேறும் மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோவில் வைக்க வேண்டாம்.

கிடைத்த ஊர், நாள் போன்ற விவரங்களை உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள், லேபிளின் மேல் அல்ல. ஸ்கேன் எடுத்தால் 600 டி.பி.ஐ.க்குக் குறையாமல், பக்கத்தில் ஒரு அளவுகோலையும் வைத்து எடுங்கள். விலை 'நயா பைசா' என்று இருந்தால் லேபிள் அநேகமாக 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. 632 என்று தொடங்கும் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. 'வட ஆற்காடு மாவட்டம்' என்ற வரியை மட்டும் நம்பிக் காலம் சொல்லக் கூடாது. மாவட்டப் பெயர் மாறிய பிறகும் பழைய தகட்டிலேயே அச்சடித்திருக்கலாம். டஜன் பாக்கெட்டின் பெரிய லேபிள் கிடைத்தால் சின்னதோடு சேர்த்தே வையுங்கள், ஜோடி பிரிந்தால் சேர்ப்பது கஷ்டம்.

அட்டைப் பெட்டி வந்தபின் படம் அட்டையிலேயே அச்சாகிவிடுகிறது, ஒட்டும் லேபிள் என்பதே அரிதாகிவிட்டது. 1 ரூபாய்ப் பெட்டி 2021 டிசம்பரில் 2 ரூபாயானபோது பழைய விலை அச்சிட்ட அட்டைகளுக்கும் வேலையில்லாமல் போனது. அவற்றிலும் நாலைந்து எடுத்து வைக்கலாம்.

வேலூர் கோட்டையிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் இதற்கென ஒரு தட்டையான இழுப்பறை ஒதுக்கினால் போதும். கண்ணாடிக்குள் நேரடி வெளிச்சத்தில் அசலை வைக்காமல், பார்வைக்கு ஸ்கேன் பிரதியை வைக்கலாம். லேபிள்களைத் தர இந்தப் பக்கத்தில் நிறைய வீடுகள் முன்வரும். அருங்காட்சியகத் துறை இதைக் கவனிக்கும்படி தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தீப்பெட்டி லேபிள் சேகரிப்போர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்