பீடிக்கட்டு, சிகரெட் பெட்டிகளில் உள்ள எச்சரிக்கைப் படங்களைத் தொடர்ந்து கண்காணிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மனுதாரர்,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருநெல்வேலி.

பொருள்: புகையிலைப் பொருட்களின் உறைகளைக் காலமுறைப்படி வாங்கி ஆய்வு செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். என் தாயார் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிய கூலியில் படித்தவன் நான். ஆகவே இம்மனுவைப் பீடி சுற்றும் பெண்களுக்கு எதிரானதாகக் கொள்ள வேண்டாம் என முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

புகையிலைப் பொருட்களின் உறையில் இருபுறமும் 85 விழுக்காட்டுப் பரப்பை, அதாவது படத்துக்கு 60, எழுத்துக்கு 25 என, எச்சரிக்கைக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதி 1.4.2016 முதல் நடைமுறையில் உள்ளது. சிகரெட் பெட்டியில் இது பெரும்பாலும் கண்ணில் படுகிறது. பீடிக்கட்டின் நிலை வேறு. மெல்லிய லேபிள் தாளைக் கூம்பு போன்ற கட்டின்மேல் சுற்றி ஒட்டுவதால், நான் முக்கூடலிலும் அம்பாசமுத்திரத்திலும் வாங்கிய கட்டுகள் சிலவற்றில் படத்தின் பாதி மடிப்புக்குள் போயிருந்தது. சிலவற்றில் மை மங்கி, படத்தில் இருப்பது தொண்டையா கையா என்றே தெரியவில்லை. நிறுவனத்தின் சின்னம் மட்டும் எல்லாவற்றிலும் பளிச்சென்று இருந்தது. ஒட்டும் இடமும் மடிக்கும் முறையும் தற்செயலாக அமைபவை என்று எனக்குத் தோன்றவில்லை.

சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் குறித்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு எச்சரிக்கை தெளிவாகத் தெரிய வேண்டும் என்கிறது. உறையில் இந்திய மொழி இருந்தால் எச்சரிக்கையும் அம்மொழியில் இருக்க வேண்டும் என்பது 9ஆம் பிரிவு. தமிழில் பெயர் அச்சிட்ட கட்டில் தமிழ் எச்சரிக்கை இல்லையெனில் அது குற்றமே.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் தொடங்கி இந்தியா, வங்கதேசம், இந்தோனேசியா உள்ளிட்ட 14 நாடுகளில் கடைகளிலிருந்தே உறைகளை வாங்கி, படமெடுத்து, எச்சரிக்கையையும் வடிவமைப்பையும் பதிவு செய்தனர். அதே முறையை ஓர் அளவுகோலும் ஒரு பதிவேடும் கொண்டு நம் மாவட்டத்திலும் செய்யலாம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மேலப்பாளையம், பேட்டை, வள்ளியூர் போன்ற இடங்களின் பெட்டிக்கடைகளில் கட்டுகளையும் பெட்டிகளையும் விலைகொடுத்து வாங்கி, மடிப்பு நீங்க விரித்து அளந்து பதிவு செய்யுமாறு சுகாதாரத் துறைக்கு ஆணையிட வேண்டுகிறேன்.

விதிமீறிய உறைகளைக் கண்டால், 13ஆம் பிரிவின்படி பறிமுதல் செய்வதோடு, நடவடிக்கையைத் தயாரிப்பாளரிடமிருந்து தொடங்க வேண்டும். முதல் குற்றத்துக்குத் தயாரிப்பாளருக்கு இரண்டாண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் எனவும், விற்பவருக்கு ஓராண்டு அல்லது 1,000 ரூபாய் எனவும், இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம் எனவும் 20ஆம் பிரிவு கூறுகிறது. லேபிளை அச்சிடுவது பெட்டிக்கடைக்காரர் அல்லர். ஆனால் ஆய்வு என்றால் முதலில் பிடிபடுபவர் அவர்தான்.

கட்டைப் பிரித்துச் சில்லறையாக விற்கும்போது வாங்குபவர் எச்சரிக்கையைப் பார்ப்பதே இல்லை. இதுபற்றியும் மாநில அரசுக்குப் பரிந்துரை அனுப்ப வேண்டுகிறேன்.

நான் வாங்கிய கட்டுகளை, ஊரும் நாளும் குறித்த உறைகளிலிட்டு இத்துடன் இணைத்துள்ளேன். கடைகளின் பெயரை எழுதவில்லை.

இப்படிக்கு,
மனுதாரர்