கேமரா வாங்கப் போகிறாயாமே

மாப்ளே,

இங்கே எல்லோரும் சுகம். பெரியம்மா போனதிலிருந்து வீட்டுக்கு ஆள் வருவதும் போவதுமாக இருந்ததால் உட்கார்ந்து எழுத நேரமே இல்லை. உன் அப்பாவுக்கு முட்டிவலி தேவலையா? நம்ம வாத்தியார் வீட்டில் நல்ல காரியம் முடிந்தது, சாப்பாட்டில் உன்னை நினைத்துக்கொண்டோம், ரசத்தை மட்டும் இரண்டு முறை கேட்டு வாங்க ஆளில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேமரா படங்களாக அனுப்பிவிட்டுக் கடைசியில் "எதுடா நல்லது?" என்று ஒரே கேள்வி. பாப்பாவின் மொட்டைக்குள் வாங்கியாக வேண்டும் என்ற அவசரம் வேறு. நீ அனுப்பியதில் எல்லாவற்றிலும் மெகாபிக்சலைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறாய். அதை முதலில் விடு. 4×6 பிரிண்டுக்கு இன்ச்சுக்கு 300 புள்ளி என்று வைத்தால் 1200க்கு 1800, அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேலே. சுவரில் மாட்ட 8×12 போட்டாலும் 9க்குள் அடங்கிவிடும். இப்போது விற்கிற கேமரா அநேகமாக எல்லாமே அதைத் தாண்டித்தான் இருக்கிறது. நீ பார்க்க வேண்டியது சென்சார், அதாவது உள்ளே வெளிச்சத்தைப் பிடித்துப் படமாக்குகிற சில்லு, எவ்வளவு பெரிது என்பதை. உனக்குப் பிடித்த அந்த நீள ஜூம் குட்டி கேமராவில் சென்சார் 6 மி.மீ. அகலம்தான். லென்ஸ் மாற்றுகிற கேமராக்கள் பலவற்றில் இருக்கிற ஏபிஎஸ்-சி என்ற அளவு சென்சார் 22, 23 மி.மீ. அகலம் வரும், பரப்பளவில் பத்து மடங்குக்கு மேல். பகல் வெயிலில் இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கருவறைப் பக்கம் விளக்கு வெளிச்சத்தில் எடுத்துப் பார், அப்போது தெரியும்.

அடுத்தது லென்ஸ். கூடவே தருகிற 18-55 மி.மீ. லென்சை ஜூம் பண்ணி முகத்துக்குப் போனால் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் பெரிது. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். உன் ஹாலில் ட்யூப்லைட்டில் பாப்பா ஓடும்போது படம் கலங்காமல் வருவதற்கு அதுதான் வழி. அதனால் என் யோசனை, செகண்ட்ஹேண்டில் ஒரு நிக்கான் டி3500, அதோடு 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். அந்த கேமராவின் பாடியில் லென்சை ஃபோகஸ் பண்ணுகிற மோட்டார் கிடையாது, மலிவாகக் கிடைக்கிறதே என்று, தனக்குள் மோட்டார் இல்லாத பழைய டி வகை லென்சை வாங்கிவிடாதே, கையால்தான் திருக வேண்டியிருக்கும். கேனன்தான் வேண்டும் என்றால் 1500டி, 50 எஃப் 1.8. ஆனால் 50 என்பது 35ஐவிடக் கிட்டத்தில் இழுத்துக் காட்டும், உன் வீட்டு ரூமுக்கு நெருக்கம், சுவரோடு சுவராக ஒட்டி நிற்க வேண்டும். வாங்கும்முன் ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற கணக்கைக் கேள். இவ்வளவுதான் கேமரா.

இனிமேல் எழுதப் போவதுதான் முக்கியம். பிரிண்ட் போடப் பணம் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் கேமரா வாங்கு.

பெரியம்மாவின் பதினாறாம் நாளுக்கு மாலை போட ஒரு படம் தேடினோம். வீட்டில் இருக்கிற அத்தனை போனிலும் அவர் இருக்கிறார், நேராகப் பார்க்கிற மாதிரி இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் வாட்ஸ்அப்பில் நாலைந்து கை மாறி வந்தது. 12×18க்குப் பெரிதாக்கினால் கண் இருக்கிற இடத்தில் கட்டம் கட்டமாக ஏதோ தெரிகிறது. எடுத்தவனிடம் அசலைக் கேட்டோம், அந்த போனே இப்போது இல்லை. கடைசியில் பீரோவில் சேலைக்கு அடியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம், உள்ளங்கை அளவு, ஓரத்தில் ஸ்டூடியோ முத்திரை. அதை ஸ்கேன் பண்ணிப் போட்டோம். காதுத் தோடின் கல் வரைக்கும் எண்ணலாம் மாப்ளே. நாற்பது வருஷம் ஒரு காகிதம் பார்த்துக்கொண்டதைப் பத்து போன் சேர்ந்து பார்த்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து இதே நினைப்புதான் எனக்கு.

செலவுக்குப் பயப்படாதே. வீட்டுக்கு பிரிண்டர் வேண்டாம். இங்க்ஜெட்டை மாசக்கணக்கில் சும்மா வைத்தால் ஹெட் அடைத்துக்கொள்ளும், அதைச் சுத்தம் பண்ணவே மை தீரும். கேனன் செல்ஃபி மாதிரி சின்ன பிரிண்டர் அழகாகத்தான் போடுகிறது, மஞ்சள், மெஜந்தா, சயான், மேலே ஒரு பூச்சு என்று ஒரே தாள் நாலு தடவை உள்ளே போய் வருவதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும், ஆனால் ரிப்பனும் தாளும் அவர்களுடையதாகவே வாங்க வேண்டும், ஒரு படத்துக்கு போட்டோ லேபைவிடக் கூடவே ஆகும்.

கல்யாண ஆல்பம் போடுகிற லேபுக்குப் போ. 12×36 தாளில் 4×6 படம் பதினெட்டு சரியாக உட்காரும். நீயே அடுக்கி ஒரே ஃபைலாகக் கொடுத்து வெட்டி வாங்கிக்கொண்டால், எங்கள் ஊரில் தனித்தனியாகப் போடுவதில் பாதிகூட ஆகவில்லை. போன் படம் பெரும்பாலும் 4க்கு 3 என்ற கணக்கில் இருக்கும், அதனால் அதை 6×8 போடச் சொல். 4×6 போட்டால் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும், குரூப் போட்டோவில் அது பின்வரிசைக்காரர்களின் தலையாகத்தான் இருக்கும். மேட் தாள் கேள், விரல் ரேகை பதியாது. ஃபைலை பென்டிரைவில் கொடு, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்பு.

அப்புறம், "கலர் எதுவும் தொடாதீங்க" என்று வாய்விட்டுச் சொல். பெரியம்மாவின் இன்னொரு கலர் படத்தை ஒரு கடையில் கொடுத்தோம், கேட்காமலே முகத்தை மாவு பூசியது போல வெளுப்பாக்கி, கன்னத்து மருவையும் அழித்துக் கொடுத்தார்கள். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு "இது யாரு?" என்றாள். எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அந்த நிறமும் மருவும்தானே பெரியம்மா!

ஃபிரேம் போட்டால் கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் என்கிற அட்டைச் சட்டம் வைக்கச் சொல், ஐப்பசி ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் உரித்தாலும் வராது. பசைத் தாள் ஆல்பம் வேண்டவே வேண்டாம், படம் மஞ்சளாகிவிடும்.

உன் அப்பாவைத் தனியாக ஒரு படம் எடு. ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, எப்போதும் போடுகிற சட்டையிலேயே. அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார், விடாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, நம்ம கேமராக்காரரிடம் நல்ல டி3500 ஒன்று வந்திருக்கிறதாம், போய்ப் பார்த்து வைக்கிறேன். அதுவரை எதையும் ஆர்டர் போட்டுவிடாதே.

உன் பங்காளி