திட்டினால் நிற்காது

ஆசிரியருக்கு,

13 வயதிலிருந்து எனக்கு முடி பிடுங்கும் பழக்கம் உண்டு. போன வாரம் என் ஆறு வயது மகள் உச்சந்தலையில் முடி இல்லாத இடத்தைத் தொட்டு, "அம்மா, இங்கே வலிக்குதா?" என்று கேட்டாள். ஏதாவது சொல்லி மறைக்கத்தான் முதலில் தோன்றியது. அப்புறம், "வலிக்கல கண்ணு. கை தானா பிடுங்கிடுது, நிறுத்தப் பழகிக்கிட்டிருக்கேன்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். சரி என்று தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

இது மன உறுதி இல்லாததால் வருவதல்ல. 1889-லேயே பிரெஞ்சு தோல் மருத்துவர் ஹல்லோப்போ இதற்கு டிரைக்கோடில்லோமேனியா என்று பெயர் வைத்தார். 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநலக் கையேடு இதையும் தோலைக் கிள்ளுவதையும் ஒரே எண்ணமோ செயலோ திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சி நோயும் (OCD) அதைச் சார்ந்தவையும் அடங்கிய வகையில் சேர்த்தது. தூண்டுதல் வரும் நேரத்தைக் கண்டுகொண்டு, அப்போது கையை இறுக மூடிக்கொள்ளப் பழக்கும் பயிற்சி பலருக்கு உதவுகிறது. எனக்கும் உதவுகிறது.

குடும்பத்தில் தொடரவும் வாய்ப்புண்டு என்பதால் மகளின் விரல்களைக் கவனிக்கிறேன். ஆனால் கையைத் தட்டிவிட மாட்டேன். என் அம்மா அப்படிச் செய்தபோதெல்லாம் நான் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு பிடுங்கினேன்.

பெற்றோருக்காக ஒரு மனநல மருத்துவரிடம் இதைப் பற்றிக் கட்டுரை வாங்கி வெளியிடுங்கள்.

ஒரு வாசகி