பன்னிரண்டாம் அத்தியாயத்தோடு நின்றுபோன கதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தில் 20 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். இடைநிலைப் பள்ளியில் படிவம் 3-ஓடு படிப்பை நிறுத்தியவள். பத்திரிகைக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள்.

என் மகள் படிவம் 4 படிக்கிறாள். அவள் பள்ளியின் ஆங்கில மொழிக் கழகத்தில் இந்த வருடம் ஓர் இளையோர் நாவலை எடுத்து, வாரத்துக்கு ஓர் அத்தியாயமாகப் படித்து வந்தார்கள். 16 வயதுப் பெண் ஒருத்தியின் கதை. அம்மாவோடு சண்டை, உயிர்த்தோழியோடு ஒட்டும் பிரிவும், ஒரு பையனோடு பழக்கம், இவ்வளவுதான் விஷயம். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் நின்றுவிட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நாலைந்து பேர் எழுந்து, "பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறோமா, காதலிக்கக் கற்றுக்கொள்ள அனுப்புகிறோமா?" என்று சத்தம் போட்டார்கள். "இது எஸ்.பி.எம்.மில் வருமா?" என்று படிவம் 5 அரசாங்கத் தேர்வைச் சொல்லி ஒருவர் கேட்டார். வராது. மறுவாரமே புத்தகங்களைத் திரும்ப வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்த உறுத்தல்தான் இப்போது எழுத வைக்கிறது.

எழுந்து பேசியவர்களில் ஒருவர்கூட அந்தப் புத்தகத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. நானும் படித்தேன் என்று சொல்ல முடியாது, காதால் கேட்டேன். ராத்திரி கடையைச் சாத்திய பிறகு நான் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருப்பேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். ஒரு சொல்லில் வந்து மட்டும் அடிக்கடி தடுக்கி நிற்பாள். 'ரிலேஷன்ஷிப்' என்பதை எப்படிச் சொல்வது? உறவு என்றால் சொந்தபந்தம். தொடர்பு என்றால் நம் ஆட்களுக்கு வேறு அர்த்தம். காதலா என்று கேட்டால் கதையில் வரும் பெண்ணுக்கே தெரியவில்லை. கடைசியில் 'பழகுறாங்க' என்று வைத்துக்கொண்டோம். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் அம்மாக்கள் குரலைத் தாழ்த்திச் சொன்ன அதே சொல்.

எட்டாம் அத்தியாயத்தில் அந்தப் பையன் அவளுடைய கைப்பேசிக் கடவுச்சொல்லைக் கேட்கிறான். என் மேல் நம்பிக்கை இருந்தால் கொடு என்கிறான். கொடுத்துவிடுகிறாள். அதைப் பெருமையாகவும் நினைக்கிறாள். அப்புறம் யாரோடு பேசலாம், எந்தச் சட்டை போடலாம் என்பதெல்லாம் அவன் முடிவாகிறது. இந்த அத்தியாயத்துக்கு வகுப்பில் பெரிய சண்டையே நடந்ததாம். பாதிப் பேர் அது அன்பு என்றார்களாம். ஒரு பையன் மட்டும் கடைசிவரை தலையைத் தூக்கவே இல்லையாம். 16 வயதுப் பிள்ளைகள் ஆசிரியை முன்னால் உட்கார்ந்து இதைப் பேசினார்கள் என்று கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஏன் என்று சொல்கிறேன். பதினோராம் அத்தியாயத்தில் தோழி போய் எல்லாவற்றையும் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் சொல்லிவிடுகிறாள். என் மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "காட்டிக்கொடுத்துட்டா பாருங்கம்மா" என்றாள். எனக்கு ஊசி கையிலேயே நின்றுவிட்டது. 1992-ல் எங்கள் தோட்டத்தில், அடுத்த லயத்தில் எனக்கு ஒரு தோழி இருந்தாள். வயது 15. செம்பனைக் குலை ஏற்ற வரும் லாரியில் வந்த ஓர் ஆளோடு பழகினாள். கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். பட்டணத்தில் படம் பார்க்கப் போகிறோம் என்று அவள் அம்மாவிடம் பொய் சொன்னவளும் நான். அன்று போனவள் நாலு மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தாள். பள்ளிக்கூடம் பக்கம் போகவே இல்லை. விடிகாலையில், தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் பெரியவர்களோடு வரிசையில் நிற்பாள், நான் சீருடையில் பஸ்ஸுக்கு நடந்து போவேன். இதை நான் என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. அன்றைக்கு மகளிடம் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தமிழ் இலக்கியத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு என்றாள். தலைவி மறைத்து வைத்திருக்கும் காதலைத் தோழி, தலைவியை வளர்த்த செவிலித்தாய்க்கு எடுத்துச் சொல்வதற்கு 'அறத்தொடு நிற்றல்' என்று பெயராம். சங்கப் பாட்டில் தாய்க்குச் சேதி போக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எங்கள் லயத்தில் அது இல்லை.

பண்பாடு கெட்டுவிடும் என்று சொன்னவருக்கு ஒரு தகவல். மலாயாவில் வெளிவந்த முதல் தமிழ் நாவலே 1917-ல் வந்த 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' என்று மகளின் தமிழாசிரியர் சொல்லியிருக்கிறார். தலைப்பிலேயே காதல். இன்னொன்று, என் அம்மாவுக்குக் கல்யாணம் ஆனபோது வயது 16. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச்சில் நடப்புக்கு வந்த பிறகுதான் 18 என்று ஆனது. அதிலும், 16 முடிந்த பெண்ணுக்கு மாநில முதல்வரான மந்திரி பெசார் அனுமதி கொடுத்தால் கல்யாணம் நடக்கலாம். கல்யாணம் பண்ணிக்கொள்ள வழி இருக்கிற வயதில் ஒரு நாவலைப் படிக்க வழி இல்லையா?

சரி, பள்ளி மேலும் தப்பு இருக்கிறது. தொடங்கும்போதே பெற்றோருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டிருக்கலாம். கதையிலும் எனக்குக் குறை உண்டு. அந்த அம்மா இரண்டு இடத்தில் வேலை பார்க்கிறவள். எழுதியவருக்கு அவளைக் கத்த வைக்கத்தான் தெரிந்திருக்கிறது. அவள் ஏன் கத்துகிறாள் என்று அரைப் பக்கம் எழுதியிருந்தால் என்ன?

அலமாரி பூட்டிய பிறகு என் கடைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பிள்ளை, தன்னிடம் ஒருவன் படம் அனுப்பச் சொல்லித் தொந்தரவு செய்வதாகச் சொல்லி அழுதாள். அவளும் அந்தக் கழகத்தில் இருந்தவள்தான். 18 வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் பாலியல் பேச்சு வைத்துக்கொள்வதே 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று சொல்லி, 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன். பிறகு அவள் அம்மாவிடமும் போய்ச் சொன்னேன். இந்தத் தடவை சொல்லிவிட்டேன்.

பள்ளி நிர்வாகத்திடமும் சங்கத்தாரிடமும் கேட்பது ஒன்றுதான். அலமாரியைத் திறந்து புத்தகத்தைத் திரும்பக் கொடுங்கள். பெற்றோருக்குச் சந்தேகம் இருந்தால், சனிக்கிழமை மாலையில் அம்மாக்கள் கூடிப் படிக்க என் கடையை விடுகிறேன். ஆறு நாற்காலி இருக்கிறது, தேத்தண்ணி என் செலவு. இன்னும் ஏழு அத்தியாயம் பாக்கி. அந்தப் பெண் கடவுச்சொல்லை மாற்றினாளா இல்லையா என்று எனக்கும் தெரிய வேண்டும்.

ஊர் சின்னது, மகள் அதே பள்ளியில்தான் படிக்கிறாள். பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
தையல் கடைக்காரி,
சுங்கை சிப்புட், பேராக்