தம்பி, ‘ரோமா’ பார்த்துவிட்டேன்

தம்பிக்கு,

அம்மா உங்களைக் கூப்பிட்டபடியே நானும் கூப்பிடுகிறேன். அவள் வைத்த மரியாதையையும் அப்படியே வைக்கிறேன். ஏழு மாதமாக உங்களுக்குப் பதில் சொல்லாமல் இழுத்தடித்தேன். நேற்று அம்மாவுக்கு மூன்றாம் வருடத் திதி. படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று பட்டது. நீங்கள் ஊரே பார்க்கும் இடத்தில் எழுதிக் கேட்டீர்கள். பதிலும் அப்படியே வரட்டும். உங்கள் பதிவின் கீழே “கொடுத்துவைத்த அம்மா” என்று எழுதிய இருநூறு பேரும் படிக்கட்டும்.

நீங்கள் கேட்டதை ஒரு வரியில் எழுதிவிடுகிறேன். மெக்சிகோ இயக்குநர் அல்ஃபோன்சோ குவாரோன், தன் வீட்டில் வேலை செய்து தன்னை வளர்த்த லீபோவின் கதையை ‘ரோமா’ என்று படமாக எடுத்தார். உங்கள் வீட்டில் வேலை செய்து உங்களை வளர்த்த என் அம்மாவை வைத்து நீங்களும் அப்படி ஒரு படம் எடுக்க வேண்டும், அதற்கு என் அனுமதியும் அவள் புகைப்படமும் வேண்டும், அவ்வளவுதானே? “ரோமா பாருங்கள் அக்கா, உங்களுக்கே புரியும்” என்றீர்கள்.

பார்த்தேன். அதோடு நிறுத்தவில்லை. ஒரு பாடம் நடத்த மூன்று புத்தகம் படிப்பது என் தொழிலில் ஒட்டிக்கொண்ட பழக்கம். கோடை விடுமுறை முழுக்க அந்த மனிதரோடுதான் குடித்தனம் நடத்தினேன். 1985இல் திரைப்படக் கல்லூரி அவரை வெளியேற்றியது, கையில் பிள்ளையோடு கிடைத்த உதவியாளர் வேலையெல்லாம் செய்து பிழைத்தது, ‘கிராவிட்டி’க்காக 2014இல் சிறந்த இயக்குநர் ஆஸ்கர் வாங்கிய முதல் லத்தீன் அமெரிக்கர் ஆனது எல்லாம் நீங்கள் எனக்குப் பாடம் எடுத்தவை. விட்டுவிடுகிறேன். அவர் எடுத்த ஹாரி பாட்டர் மூன்றாவது படத்தில் மட்டும் சற்று நின்றேன். நடித்த பிள்ளைகளிடம், அப்பா அம்மா பக்கத்தில் இல்லாவிட்டால் சீருடையை எப்படிப் போடுவீர்களோ அப்படிப் போடுங்கள் என்றாராம். அவரவர் பாத்திரத்தைப் பற்றிக் கட்டுரையும் எழுதச் சொன்னாராம். நாயகனின் தோழியாக நடித்த பெண் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தாள், ஒரு பையன் கொடுக்கவே இல்லை. என் வகுப்பும் அப்படித்தான். அந்த இடத்தில் அவரை எனக்குப் பிடித்துப்போனது. பிடித்திருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் ஒரு படத்தை விட்டிருந்தீர்கள். ‘இ தூ மாமா தம்பியென்’, 2001. ஆபாசம் அதிகம், அக்காவுக்கு அனுப்பக் கூடாது என்று விட்டிருப்பீர்கள். பெயரை முதலில் கேட்டபோது மாமா, தம்பி என்றுதான் என் காதில் விழுந்தது. ‘உன் அம்மாவும்தான்’ என்று அர்த்தமாம். படத்தில் டெனோச் என்ற பணக்காரப் பையன் நண்பனோடு காரில் கடற்கரைக்குப் போகிறான். வழியில் ஒரு ஊரின் பெயர்ப்பலகை வருகிறது, டெபெல்மேமே. கதைசொல்லியின் குரல் சொல்கிறது: இது அவனை வளர்த்த ஆயா பிறந்த ஊர். பதின்மூன்று வயதில் பிழைக்க நகரத்துக்கு வந்தவள். நான்கு வயது வரை அவளைத்தான் அம்மா என்று கூப்பிட்டான். இந்த ஊருக்கு அவன் வந்ததே இல்லை. இதை அவன் மற்றவர்களிடம் சொல்லவில்லை. கார் நிற்காமல் போகிறது.

டெபெல்மேமே உண்மையில் லீபோவின் ஊர். வஹாகா மாநிலத்தில் இருக்கிறது. அதே படத்தில் அந்தப் பையன் வீட்டு ஆயாவாக வருகிறவரும் லீபோவேதான். ‘ரோமா’வுக்குப் பதினேழு வருடம் முன்பே அந்த மனிதர் தன் பிழையைப் படத்தின் நடுவில் யாரும் கவனிக்காதபடி ஒளித்து வைத்திருக்கிறார். காரை நிறுத்தவில்லை என்பதுதான் பிழை. நிறுத்தவில்லை என்று ஒப்புக்கொண்டார் பாருங்கள், அதற்காகத்தான் அவரை இவ்வளவு பொறுத்துக்கொண்டேன்.

இனி ‘ரோமா’. கறுப்பு வெள்ளை அழகு, அவரே ஒளிப்பதிவு செய்தது எல்லாம் உங்கள் இலாகா. எனக்கு ஒரே காட்சிதான். வீட்டில் எல்லாரும் தொலைக்காட்சி பார்க்கிறார்கள். லீபோவின் சாயலில் வரும் வேலைக்காரி க்ளியோ வேலைகளை முடித்துவிட்டு சோபாவுக்குப் பக்கத்தில் கீழே உட்காருகிறாள். பையன் அவள் தோளில் கை போட்டுக்கொள்கிறான். எல்லாரோடும் சேர்ந்து அவளும் சிரிக்கிறாள். டாக்டருக்குத் தேநீர் கொண்டு வா என்று எஜமானி சொன்னதும் எழுந்து போகிறாள்.

அங்கே நிறுத்திவிட்டேன். அன்று படத்தை முடிக்கவில்லை.

“அவள் மடியில் தலை வைத்து தூர்தர்ஷன் பார்த்த ஞாயிற்றுக்கிழமைகள்” என்று எழுதியிருந்தீர்கள். எல்லாரும் அழுத வரி அதுதான். அந்த ஞாயிறுகளில் ஒன்றில் நானும் இருந்தேன் தம்பி. 1991 மே மாதம். எனக்குப் பத்து வயது, உங்களுக்கு ஏழு. பரீட்சை முடிந்து, ஊரிலிருந்து ஆயா என்னைக் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தார். (எங்கள் செங்கம் பக்கம் ஆயா என்றால் பாட்டி. உங்கள் வீட்டில் ஆயா என்றால் என் அம்மா. இந்தக் குழப்பம் தீர எனக்குப் பல வருடம் ஆனது.) நான் எங்கே இருந்தேன் என்று யோசித்துப் பாருங்கள். நினைவு வராது. சமையலறை வாசலில் நின்றேன், நிலைக்கு அந்தப் பக்கம். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். கூடத்துக் கதவோரம் தரையில் அம்மா, அவள் மடியில் உங்கள் தலை. அவள் விரல் உங்கள் முடிக்குள் போய் வந்தது. நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை, கண்ணால் மட்டும் ‘அங்கேயே நில்’ என்றாள். அந்தச் சமயத்தில்தான் நீங்கள் தூக்கக் கலக்கத்தில் அவளை “அம்மா” என்றீர்கள். கூடமே சிரித்தது. உங்கள் அம்மாவும் சிரித்தார்கள். என் அம்மா வெட்கப்பட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை நான் ஊரில் பார்த்ததில்லை.

பின்கட்டுக்குப் போனேன். துவைக்கிற கல்லின் மேல் உங்கள் சாவி கொடுக்கும் கார் இருந்தது. சிவப்பு, சிங்கப்பூர் மாமா கொண்டுவந்தது. கிணற்றில் போட்டேன்.

இதைத்தான் முப்பது வருடமாக உங்களிடம் சொல்லவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். பத்து வயதுப் பிள்ளை செய்தது என்று தள்ளிவிடலாம். ஆனால் தெரியாமல் போடவில்லை. தண்ணீரில் விழுந்த சத்தம் அடங்கும்வரை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று நாள் அழுதீர்கள், சாப்பிட மறுத்தீர்கள், அம்மா ஊட்டினாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றைக் கலக்கிக்கொண்டும் இருந்தது. உங்களிடம் பத்துக் கார் இருந்தது, என்னிடம் ஒரு அம்மாதான் இருந்தாள் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம் இன்றும் எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. இருந்தாலும் மன்னியுங்கள்.

அந்த வீட்டில் அன்று யார் யாரை என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. உங்கள் அம்மா இதைப் படிப்பார்கள். என் ஆசிரியர் பயிற்சிக்குப் பணம் கட்டியவர்கள் அவர்கள். அதையும் எழுதியாக வேண்டும், எழுதிவிட்டேன். அம்மா எல்லார் முன்னாலும், “நான்தான் குப்பையோடு குப்பையாக வாரிக் கொட்டிவிட்டேன்” என்றாள். அதற்கான விலையை அந்த மாதமே கொடுத்தாள். கார் எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும். ராத்திரி பாயில் படுத்தபோது என் தொடையில் ரத்தம் கட்டும்படி கிள்ளினாள். பிறகு அதே இடத்தைத் தடவிக்கொண்டே தூங்கிப்போனாள். அவள் எனக்காக உங்களிடம் பொய் சொன்ன ஒரே நாள். உங்களுக்கு எத்தனையோ ஞாயிறுகள் இருக்கின்றன. எனக்கு இது.

இதனால்தான் ‘ரோமா’ என்னை உறுத்துகிறது. க்ளியோவின் குழந்தை இறந்தே பிறக்கிறது. பிறகு கடற்கரையில், நீச்சல் தெரியாத அவள் அலைக்குள் போய் எஜமானியின் பிள்ளைகளை இழுத்து வருகிறாள். அது பிறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன் என்று அழுகிறாள். எல்லாரும் அவளைக் கட்டிக்கொள்கிறார்கள். குவாரோன் படங்களில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அதிகம். ‘சில்ட்ரன் ஆஃப் மென்’ நாயகன் மகனை இழந்தவன், ‘கிராவிட்டி’யின் அந்தப் பெண் மகளை இழந்தவள். ‘சில்ட்ரன் ஆஃப் மென்’ படத்தில், பதினெட்டு வருடமாகக் குழந்தையே பிறக்காத உலகத்தில் ஒரு அகதிப் பெண்ணின் குழந்தையைப் பிழைக்க வைத்தவருக்கு, இந்த வேலைக்காரியின் குழந்தையைப் பிழைக்க வைக்க மனம் வரவில்லை. பிழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதைக் கிராமத்தில் பாட்டியிடம் விட்டிருப்பாள். லீவுக்கு வந்து சமையலறை வாசலில் நின்றிருக்கும். அந்த சோபா காட்சியை அதற்குமேல் அவ்வளவு அழகாக எடுக்க முடியாது.

உங்கள் பதிவிலும் நான் இல்லை. “தன் குடும்பத்தை மறந்து எங்களுக்காக வாழ்ந்தவள்” என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். மறந்தாளா? மாதம் ஒரு மணியார்டர், மாதம் ஒரு கடிதம், தபால்காரரையே வாசிக்கச் சொல்லிக் கேட்போம். அந்தக் குடும்பம் நான்தான் தம்பி.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சரி, கோபம்தான். அம்மா போன அன்று வெளிநாட்டிலிருந்து போன் செய்து அழுதீர்கள். பந்தலில் ஆட்கள் காத்திருக்க, நாற்பது நிமிடம் உங்களைத் தேற்றியது நான். ஒரு சொட்டுக் கண்ணீர் அதுவரை எனக்கு வரவில்லை. உங்கள் விசும்பலைக் கேட்ட பிறகுதான் வந்தது. அவளுக்காக இப்படி அழ உலகத்தில் இன்னொருவர் இருந்தது, உண்மையைச் சொன்னால், அன்று எனக்குத் தெம்பாக இருந்தது.

குவாரோன் செய்த ஒன்றை நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள். தன் நினைவை மட்டும் வைத்துக்கொண்டு அவர் எடுக்கவில்லை. லீபோ உயிரோடு இருந்தார். அவரிடமே போய் உட்கார்ந்து, எத்தனை மணிக்கு எழுவாய், முதலில் என்ன செய்வாய் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். சொந்தக்காரர் வீடுகளில் சிதறிக் கிடந்த பழைய மேசை நாற்காலிகளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். தான் ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது வீட்டுக்கு வந்தவரை, ஒரு மனுஷியாகத் தெரிந்துகொள்ள ஐம்பது வயது தாண்டியது அவருக்கு. வஹாகாவில் ஆசிரியர் பயிற்சி முடித்திருந்த யாலிட்சா அபாரிசியோவைத் தேடிப் பிடித்து க்ளியோவாக நடிக்க வைத்தார். 2019இல் ஆஸ்கர் மேடையில், உலகத்தில் தொழிலுரிமை இல்லாத ஏழு கோடி வீட்டுவேலைத் தொழிலாளர்களில் ஒருத்தியின் கதை இது என்றார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான், வீட்டுவேலை செய்பவர்களைச் சமூகக் காப்பீட்டிலிருந்து ஒதுக்குவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று மெக்சிகோ உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. 2019இலேயே சட்டமும் திருத்தப்பட்டது. அந்தப் பெண்களின் சங்கம் பல வருடம் போராடி வாங்கியது அது. படம் கூட நின்றது, அந்த அளவு சொல்லலாம். உங்கள் பதிவில் மடி இருந்தது, வாசனை இருந்தது, கூலி என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை.

ஆஸ்பத்திரிக் காட்சி நினைவிருக்கிறதா? பிரசவ வலியில் க்ளியோவைக் கொண்டுபோகிறார்கள். வீட்டுப் பாட்டியம்மாவிடம் முழுப்பெயர், பிறந்த தேதி கேட்கிறார்கள். தெரியவில்லை. என்ன உறவு என்றால், எஜமானி.

என் அம்மாவின் பெயரைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் கூப்பிட்ட பெயர் அவளுடையது இல்லை. அவள் பெயரும் உங்கள் பாட்டியின் பெயரும் ஒன்றாக இருந்ததால், வந்த அன்றே மாற்றி வைத்தார்கள். உங்கள் படத்தின் தலைப்பாக நீங்கள் எழுதியிருப்பது அந்த மாற்றிய பெயர். உண்மைப் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

ஆகவே, அனுமதி இல்லை. இப்போதைக்கு இல்லை. புகைப்படமும் தர மாட்டேன். என்னிடம் இருப்பதே ஒன்றுதான். அதில் நீங்கள் அவள் இடுப்பில் இருக்கிறீர்கள், முகம் தெளிவாக விழுந்திருப்பது உங்களுக்கு மட்டும்.

வேண்டுமானால் ஊருக்கு வாருங்கள். ஐந்து மணிக்கு முன்பே கிளம்பினால் மத்தியானத்துக்குள் செங்கம் வந்துவிடலாம். திருவண்ணாமலையில் பஸ் மாற வேண்டும். செங்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு இரண்டு மணிக்கு டவுன் பஸ். அதை விட்டால் ஆறு மணிக்குத்தான். ஏரி காய்ந்து கிடக்கும், அழகாக ஒன்றும் இருக்காது. ரேஷன் கடை நிறுத்தத்தில் இறங்கி, அம்மாவின் பெயரைச் சொல்லிக் கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். நீங்கள் கூப்பிட்ட பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது; எனவே வருவதற்கு முன் போன் செய்யுங்கள், சொல்கிறேன். காமிரா வேண்டாம். கேழ்வரகுக் களி கிண்டி வைக்கிறேன். உங்களுக்குப் பிடிக்காது என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

அக்கா