ஆயுத வியாபாரி எழுதுவது

அன்புள்ள குணா,

அம்மாவின் முட்டிவலியைத் தவிர வீட்டில் எல்லாரும் நலம். ஜெர்மனியிலிருந்து நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் என்னை ‘ஆயுத வியாபாரி’ என்று கூப்பிட்டதை வீடு முழுக்கக் கேட்டுவிட்டது. இப்போது கடைக்குப் போனால்கூட அந்தப் பெயர்தான். போனில் பதில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன். முழுசாகப் படி.

கோவை கணபதியில் இருக்கும் நம் பட்டறையில் பம்பு வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். தேஜஸ் போர் விமானத்துக்குப் பாகம் கொடுக்கும் ஒரு பெங்களூர் கம்பெனியிடம் ஜாப் ஒர்க் எடுத்திருக்கிறேன். துப்பாக்கியும் இல்லை, குண்டும் இல்லை. குழாய்களைப் பிடித்து நிறுத்தும் ஒரு அலுமினியத் துண்டு, உள்ளங்கையில் அடங்கிவிடும். கட்டியை மெஷினில் ஏற்றினால் பெரும்பகுதி சீவலாகக் கீழே கொட்டிவிடுகிறது, மிச்சம்தான் பாகம். ஒவ்வொன்றுக்கும் ஜாதகம் உண்டு: எந்த உலையில் உருக்கியது, எந்த ஷிஃப்டில் யார் வெட்டியது, எந்தக் கருவியில் அளந்தது. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரில் கீறல் இருந்தால் எமரி போட்டுத் தேய்த்து அனுப்பிவிடுவோம். இங்கே பாகம் குப்பைக்குப் போகும். அதோடு, கீறல் ஏன் விழுந்தது என்று பக்கம் பக்கமாக எழுதியும் கொடுக்க வேண்டும். அளவில் கறாரான நம்ம ‘பாயிண்ட் ஜீரோ டூ’ வாத்தியார் பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

சரி, இப்போது புலம்பல். ஐந்து அச்சில் நகர்ந்து வெட்டும் ஃபைவ் ஆக்சிஸ் மெஷினுக்குக் கடன் வாங்கியாகிவிட்டது, தவணை ஓடுகிறது, அடுத்த ஆர்டர் மட்டும் நகர மாட்டேன் என்கிறது. 2021 பிப்ரவரியில் விமானப்படை 83 தேஜஸ் மார்க் 1ஏ கேட்டது, ஏறக்குறைய 48,000 கோடி ரூபாய்க்கு. 2024-லேயே கைக்கு வரத் தொடங்கியிருக்க வேண்டும். ரேடார், மென்பொருள் என்று இங்கேயும் இழுபறி இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. 2025 ஏரோ இந்தியாவில் விமானப்படைத் தளபதியே தேஜஸைச் செய்யும் அரசு நிறுவனமான எச்.ஏ.எல். மேல் நம்பிக்கை இல்லை என்று சொன்னது மைக்கில் பதிவாகி ஊரெல்லாம் சுற்றியது. ஆனால் பெரிய முட்டுக்கட்டை இன்ஜின். அமெரிக்காவின் ஜி.இ. எஃப்404 அது, மாசசூசெட்ஸில் லின் என்ற ஊரில் செய்கிறார்கள். ஆர்டர் இல்லாமல் அந்த உற்பத்தி வரிசையையே நிறுத்தி வைத்திருந்தார்களாம். திரும்பவும் ஆளையும் சப்ளையரையும் சேர்த்து, முதல் இன்ஜினை அனுப்பும்போது 2025 மார்ச் ஆகிவிட்டது. அந்த செப்டம்பரில் பழைய மிக்-21 போர் விமானங்கள் ஓய்வு பெற்றன. 42 ஸ்குவாட்ரன், அதாவது போர் விமானப் பிரிவு, இருக்க வேண்டிய படை 29-க்கு இறங்கியது. லின்னில் ஒருவன் தாமதித்தால் கணபதியில் என் தவணை தள்ளிப்போகிறது, பார்த்தாயா?

எனக்கு இது புதிதாகவும் தெரியவில்லை. லீவுக்கு ஆவடி வந்தபோதெல்லாம் உங்கப்பா திண்ணையில் உட்கார்ந்து திட்டுவாரே, ஞாபகம் இருக்கிறதா? எல்லாம் 1974-ல் தொடங்கிய, ஆவடியில் செய்யும் அர்ஜுன் டாங்கியைப் பற்றித்தான். உடல் நம்முடையது, இன்ஜின் உன் ஜெர்மனிக்காரர்களின் எம்.டி.யு. கம்பெனியுடையது. 2021-ல் இன்னும் 118 டாங்கிக்கு ஆர்டர் போட்டார்கள், அதுவும் இன்ஜினுக்காகக் காத்திருந்தது. 1,500 குதிரைசக்தியில் சொந்த இன்ஜினை மைசூரில் முதன்முதலாக ஓட்டிப் பார்த்தது 2024 மார்ச்சில். அதற்கும் முன்னால் மாருத். உன் ஊர்ப் பொறியாளர் கூர்ட் டாங்க் பெங்களூர் வந்து வடிவமைத்த போர் விமானம், 1961-ல் பறந்தது. உடல் அருமை. பெரிய இன்ஜினுக்குப் பணம் போட தில்லி தயங்கியது, கடைசிவரை சின்ன இன்ஜினோடு பறந்து ரிட்டயர் ஆனது.

தேஜஸுக்காக நாமே செய்யப் பார்த்த காவேரி இன்ஜினின் கதை உனக்குத் தெரியும். 1989-ல் அனுமதி, 2008-ல் தேஜஸிலிருந்து கழற்றிவிட்டார்கள். வானத்தில் ஏற்றிச் சோதிக்க மாஸ்கோ பக்கம் கொண்டுபோக வேண்டியிருந்தது, அந்த வசதி நம்மிடம் இல்லை. ஜெட் இன்ஜினுக்குள் சுழலும் டர்பைன் பிளேடு நிற்கும் இடத்தில் காற்றின் சூடு அந்த உலோகம் உருகும் அளவையும் தாண்டும். நிக்கல் கலவையை ஒரே படிகமாக வார்த்து, உள்ளே ஊசிமுனைத் துளைகளில் குளிர்காற்று விட்டு அதை உருகாமல் காப்பாற்றுகிறார்கள். வார்ப்படம் பார்த்தே வளர்ந்த எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கை அரிக்கிறது. டிராயிங் கிடைத்தாலும் போதாது. இருபது முப்பது வருஷம் வார்த்து, உடைத்து, மறுபடி வார்த்தவன் கையில்தான் அது இருக்கிறது. அவன் எதற்கு அதை நமக்கு விற்கப் போகிறான்?

‘வாங்கிவிட்டுப் போக வேண்டியதுதானே’ என்பாய். யாரிடம்? ரஷ்யாவிடம் எஸ்-400 வான் பாதுகாப்பு ஏவுகணைத் தொகுதி ஐந்து கேட்டோம். மூன்று வந்தது, உக்ரைன் போரில் மீதி இரண்டும் வருஷக்கணக்கில் தள்ளிப்போனது. 2010-14-ல் நம் ஆயுத இறக்குமதியில் 72 சதவீதம் ரஷ்யாவுடையது, 2020-24-ல் 36. அந்த இடத்தில் பாதி நாமே செய்வது வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். பிரான்சும் அமெரிக்காவும் இஸ்ரேலும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது, திருப்பூர் கதறியது. நவம்பரில் அதே அமெரிக்காவிடம் தேஜஸுக்கான 113 இன்ஜினுக்குக் கையெழுத்து போட்டோம். வேறு வழி இல்லை என்பது புரிகிறது. புரிவதால்தான் வயிற்றெரிச்சல். உன் ஊரையும் பார், எங்களுக்கு அமைதி வகுப்பு எடுத்தவர்கள் உக்ரைன் போர் தொடங்கிய மூன்றே நாளில் ராணுவத்துக்குப் பத்தாயிரம் கோடி யூரோ அறிவித்தார்கள்!

பெருமைக்கும் விஷயம் உண்டு. 2013-14-ல் 686 கோடியாக இருந்த ராணுவ ஏற்றுமதி 2024-25-ல் 23,622 கோடி. பிலிப்பைன்ஸுக்கு பிரமோஸ் ஏவுகணை போய்ச் சேர்ந்துவிட்டது. கூட்டத்துக்குக் கூட்டம் அந்த ஸ்லைடைக் காட்டுகிறார்கள், நானும் கைதட்டுகிறேன். இன்ஜின் ஸ்லைடு மட்டும் எப்போதும் கடைசியில் வரும், அதற்குள் சாப்பாட்டு நேரமாகிவிடும்.

அதே 2025 நவம்பரில் துபாயில் தேஜஸ் விழுந்தது தெரியும்தானே. அந்த விமானியின் உடலை இங்கே பக்கத்தில் சூலூர் விமானப்படைத் தளத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள். தேஜஸ் பிரிவு அங்கே இருக்கிறது, தினமும் எங்கள் தலைக்கு மேல் போகும். அன்றைக்குப் பட்டறையில் யாரும் பேசவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கும் பையன் ஏற்கெனவே பாஸ் செய்து வைத்திருந்த தட்டை எடுத்து, யாரும் சொல்லாமலே மறுபடி ஒவ்வொன்றாக அளந்தான். அதிலிருந்து நீ கிண்டல் செய்தால் முன்னைப் போல் சிரிக்க வரவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

அப்புறம், ஒரு காரியம். அண்ணன் மகள் மெட்டலர்ஜி கடைசி வருஷம். நிக்கல் கலவை வார்ப்படம்தான் புராஜெக்ட். ஜெர்மனியில் ஆகன் பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு கிடைக்குமா என்று கேட்கிறாள். அந்தப் பக்கம் உனக்குத் தெரிந்த பேராசிரியர் யாராவது இருந்தால் விசாரித்து எழுது. படித்து முடித்துத் திரும்பி வருவாளா, அங்கேயே தங்கிவிடுவாளா என்று அண்ணன் என்னைக் கேட்கிறான். உன்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். யோசித்து ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்.

கீதாவுக்கும் குழந்தைகளுக்கும் அன்பு. இந்த முறை வரும்போது என் மிட்டுடோயோ வெர்னியர் அளவுகோலை மறக்காமல் கொண்டு வா. அது உன்னுடையது இல்லை.

உன்,
செந்தில்