லென்ஸ் இரவல், மற்றதும் இரவல்தான்

நான் எடுத்த பறவை, வண்ணத்துப்பூச்சிப் படங்களைப் பார்த்த எல்லோரும் என்ன லென்ஸ் என்றுதான் கேட்கிறீர்கள். அது நண்பனுடையது, அவனிடம் கடைசியில் வருகிறேன். இந்த மடல் ராமநாதபுரம் கரையோரத்தில் நாலு நாள் என்னைச் சகித்துக்கொண்டவர்களுக்கு.

முதலில் தனுஷ்கோடியில் கரைவலை இழுக்கும் அண்ணனுக்கு. கோதண்டராமர் கோயில் பக்கம் தேங்கிய கடல்நீரில் பூநாரைகளை (ஃபிளமிங்கோ) பார்த்ததும் கேமராவோடு சேற்றில் இறங்கிவிட்டேன், பத்தடி போயிருக்க மாட்டேன், "தம்பி நில்லுங்க, அதுக தலையத் தூக்கிருச்சு பாருங்க" என்று பின்னாலிருந்து குரல். உண்மைதான். அதுவரை குனிந்து மேய்ந்த கூட்டம் மொத்தமும் கழுத்தை நீட்டி நின்றது. இன்னும் நாலடி வைத்திருந்தால் பறந்திருக்கும். கரைக்கு வந்து உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன், முக்கால் மணி நேரம் போனபின் அதுகளே மேய்ந்தபடி என் பக்கம் வந்தன. அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீரை வடிகட்டித் தின்னும் அந்தப் படம் அப்படி வந்ததுதான். கூட வந்த சாம்பல் நிறத்தவை வேறு பறவை இல்லை, இளசுகள். தின்கிற இரையிலிருந்துதான் ரோஸ் நிறம் ஏற வேண்டும். 2025 ஜூனில் அந்த இடத்தைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தார்கள். அது தெரிந்தும் இறங்கியது என் தப்பு. அண்ணே, அன்றைக்கு நீங்கள் திட்டாமல் சொன்னதற்கும் சேர்த்து நன்றி.

அப்புறம் சக்கரக்கோட்டைக் கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்த அப்பத்தா. பறவை பார்க்கத்தான் போயிருந்தேன், வெயில் ஏறி எல்லாம் தூரத்து மரங்களில் அடைந்துவிட்டது. "பூச்சியெல்லாம் புடிப்பீகளா?" என்று கேட்டுத் தரையோடு கிடந்த ஆடுதின்னாப்பாளையைக் காட்டினார். ஆடு மோந்து பார்த்துவிட்டு விலகிப் போகிற செடி, அதில் ஆரஞ்சுக் காம்புகளோடு கறுத்த புழு ஒன்று நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தது. சிவப்புடல் அழகி என்கிற வண்ணத்துப்பூச்சியின் புழு! அந்தச் செடியின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால்தான் வண்ணத்துப்பூச்சி ஆனபிறகும் பறவைகள் அதைத் தொடத் தயங்கும், அதனால் அது அலட்டிக்கொள்ளாமல் மெதுவாகப் பறக்கும், எனக்கு ஃபோகஸ் கிடைக்கும். இதை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன், செடியை நேரில் பார்த்து அடையாளம் சொல்லத் தெரிந்ததில்லை. அப்பத்தாவுக்கு வண்ணத்துப்பூச்சிப் படம் வேண்டாமாம், வெள்ளாட்டுக் குட்டியோடு நிற்கிற படம்தான் வேண்டுமாம். பிரிண்ட் போட்டாச்சு, அடுத்த வாரம் கொண்டுவருகிறேன்.

ஆட்டோ அண்ணனுக்கும் நன்றி. ஓர் எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டை வைப்பதைப் பார்க்க வண்டியை நிறுத்தச் சொன்னேன், "அஞ்சே நிமிஷம்" என்றது ஒரு மணி நேரம் ஆனது, வெயிட்டிங் காசு கேட்கவில்லை.

தனுஷ்கோடியின் கோடியிலிருக்கும் அரிச்சல்முனைக் காற்றில் லென்ஸ் வளையத்துக்குள் மணல் புகுந்து சிக்கிக்கொண்டபோது, ராமநாதபுரத்தில் செல்போன் பழுது பார்க்கிற தம்பி ஒருவர் கடை அடைக்கிற நேரத்தில் உட்கார்ந்து பிரஷ்ஷால் தட்டித் தட்டி ஊதி எடுத்தார். "கேமரா நம்ம வேலை இல்லண்ணே" என்று சொல்லிக்கொண்டேதான் செய்தார்.

சரி, லென்ஸ் கொடுத்த நண்பா. நன்றி. வளையத்தைத் திருகினால் இன்னும் லேசாக நறநறவென்கிறது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன், அதுவரை போன் பண்ணாதே.